ஏரியில் மீன் நிற்கும் இடமும் படகில் இருக்க வேண்டிய சாதனங்களும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு மோட்டார் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு முதல் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆயினும் இது ஆதிமுதல் ஏரிகளின் பூமியாகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், மணிமங்கலம் ஆகிய ஏரிகள் தொழிற்பேட்டைகளை ஒட்டியே கிடக்கின்றன. கிழக்கே செம்பரம்பாக்கம் பேரேரி, 24 அடி உயரத்துக்கு 3,645 மில்லியன் கன அடி நீரைத் தேக்கிச் சென்னை நகருக்குக் குடிநீர் அளித்து வருகிறது.

விடுமுறை நாட்களில் இந்த ஏரிக்கரைகளில் தூண்டிலுடன் நிற்போரின் தொகை பெருகியிருக்கிறது. உள்ளூர் வாலிபர்களும் வெளியூர்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு. அமெரிக்காவில் பாஸ் என்னும் மீனைப் பிடிப்பவர்களின் படக்காட்சிகளைக் கைப்பேசியில் கண்டு, அதைப் போன்ற படகும் கருவியும் வேண்டும் என்று விரும்புவோர் பலர். மீன் எங்கே நிற்கும், எத்தகைய படகு வேண்டும் என்பவையே அவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகள். நமது ஏரிகளைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் விடை ஏரியின் தரையிலேயே இருக்கிறது. தரையை அறியாதவனுக்கு விலையுயர்ந்த படகு பயன் தராது. சில வேளைகளில் ஆபத்தையும் விளைவிக்கும்.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். அமெரிக்க நன்னீர் பாஸ் நமது நீர்நிலைகளுக்கு உரியதன்று. பாஸ் என்ற பெயருக்கு நம்மிடம் உரியது கொடுவா மீனே. அது கடலில் முட்டையிட்டு, கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் வளர்வது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997ஆம் ஆண்டு கொடுவாயை நம் நாட்டில் முதன்முதலாகச் செயற்கை முறையில் இனவிருத்தி செய்வித்தார்கள். ஏரியில் பாஸின் குணத்தை ஒத்தது விராலாகும். பாஸைப் போலவே அதுவும் செடி மறைவில் அசையாமல் கிடந்து, அருகே வரும் தவளையையும் சிறு மீனையும் ஒரே பாய்ச்சலில் கவ்வும். ஆகவே பாஸ் பிடிப்போரின் உபாயங்களில் பல விராலுக்கும் பொருந்தும். கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டைகளின் வழி வேறு. கட்லா நீரின் மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிருகால் அடிமட்டத்திலும் இரை தேடுகின்றன. தக்கையை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பது இதைக்கொண்டே முடிவாகும்.

இனி ஏரியைப் பார்ப்போம். இப்பகுதியில் நிலம் பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் சரிந்துள்ளது. ஆகையால் பல ஏரிகளில் கரை கிழக்கே உயர்ந்து, நீர்ப்பிடிப்பு மேற்கே மெலிந்து பரந்திருக்கும். கரையோரத்தில் ஆழமும் மேற்கே முழங்கால் நீருமாக இருப்பது இயல்பு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஏரியை நிரப்பும்போது மீன்கள் புதுநீரை நாடி மேற்கே வரத்துக் கால்வாயின் வாய்க்குச் செல்கின்றன. அங்கே மண்புழுவும் பூச்சியும் அடித்துவரப்படுவதே காரணம். தை, மாசியில் நீர் தெளிந்தபின் மீன் பரவி நிற்கும். சித்திரை, வைகாசியில் நீர் வற்ற வற்ற, மதகின் முன்னுள்ள ஆழத்திலும் பள்ளங்களிலும் ஒதுங்கும்.

நாளின் பொழுதும் இவ்வாறே முக்கியமானது. இரவில் பாசியும் நீர்ச்செடிகளும் நீரிலுள்ள பிராணவாயுவை உட்கொள்வதால் விடியற்காலையில் அது மிகக் குறைந்திருக்கும். மேகமூட்டமான புழுக்க இரவுக்குப் பிறகு கெண்டைகள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து திணறுவதைக் காணலாம். அவ்வேளை அவை இரையைத் தொடா. விராலோ காற்றைச் சுவாசிக்கும் மீன். அது சிறிது நேரத்துக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்கிச் செல்லும். ஆம்பல் இலைகளுக்கு நடுவே சிறு சுழிப்பும் குமிழியும் தோன்றினால் அங்கே விரால் உண்டு என்று கொள்ளலாம். அந்த இடத்தின் மீதே தூண்டிலை எறியாமல், நான்கு முழம் அப்பால் எறிந்து மெல்ல இழுத்து வருவதே முறை. தலைக்கு மேல் விழும் ஓசையில் மீன் சேற்றில் புதைந்துவிடும்.

பல ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் கருவேல மரங்கள் நடப்பட்டன. மழைக்காலத்தில் அவை பாதி மூழ்கி நிற்கும்போது, வேரடியும் கிளை நிழலும் மீனுக்குச் சிறந்த புகலிடமாகின்றன. கரையின் உட்புறத்தில் அடுக்கிய கற்களின் சந்துகளில் நத்தையும் இறாலும் இருப்பதால் கெளுத்தி அங்கே திரியும். கோரை முடிந்து தெளிந்த நீர் தொடங்கும் எல்லை விராலுக்கு உரியது. ஆகாயத்தாமரை முழுதும் மூடிய இடத்தில் தூண்டில் இறங்காது. அதன் ஓரத்தில் மட்டும் முயலலாம்.

மிகுந்த மீன் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே மிகுந்த உயிர்களை வாங்கும் இடமும் ஆகும். ஏரித்தரையில் சவுடும் வண்டலும் எடுத்த பள்ளங்களைச் சொல்கிறோம். சாலைக்கும் மனைகளுக்கும் மண் நிரப்புவதற்காக இப்பகுதி ஏரிகளில் பல காலமாக மண் எடுக்கப்பட்டு வந்துள்ளது. 2017ஆம் ஆண்டு முதல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் அனுமதி பெற்று இலவசமாக வண்டல் எடுக்கவும் அரசு வழிசெய்தது. மண்ணைச் சீராக, மெல்லிய படலமாக எடுத்தால் ஏரிக்கு நன்மையே. ஆனால் இயந்திரங்கொண்டு ஓரிடத்திலேயே தோண்டும்போது செங்குத்தான சுவர்களுடைய கிணறு போன்ற குழி உண்டாகிறது. மழை பெய்து ஏரி நிறைந்ததும் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இடுப்பளவு நீரில் நடந்து செல்பவர் அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்தில் விழுகிறார். களிமண் சுவரில் கால் பற்றாது. ஏற வழியும் இல்லை. ஒருவரைக் காப்பாற்றக் கையைப் பிடித்த இரண்டாமவரும் உடன் மூழ்குவது இத்தகைய குழிகளில்தான். நீந்தத் தெரிந்தவரும் தப்புவது அரிது.

ஆகவே ஏரியில் மீன் பிடிக்க எண்ணுபவர் கோடையில், நீர் வற்றிய நாட்களில், ஏரித்தரையை ஒரு முறை முழுதும் நடந்து பார்க்க வேண்டும். கரையிலுள்ள பனைமரம், மதகு, கோயில், ஆலைப் புகைக்குழாய் போன்ற அசையாப் பொருள்களை அடையாளமாக வைத்து, எந்தப் பள்ளம் எதற்கு நேரே எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டார் படகில் பொருத்தும் எதிரொலிக் கருவி நீரின் ஆழத்தைத் திரையில் காட்டுகிறது. அது நல்ல கருவியே. ஆனால் ஆள் உயரத்துக்குச் சற்று மேல் நீர் நிற்கும் ஏரிக்கு, முழத்துக்கு ஒரு முடிச்சிட்டு நுனியில் கல் கட்டிய கயிறும், கோடையில் எடுத்த குறிப்பும் அதன் வேலையைச் செய்துவிடும்.

அடுத்துப் படகு. லாரி டயரின் காற்றுக்குழாய், தெர்மாகோல் பலகை, வாழைமரத் தெப்பம் ஆகியவற்றில் ஏறிச் செல்லும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கருவேல முள் நிறைந்த ஏரியில் காற்றுக்குழாயை நம்புவது எத்துணைப் பேதைமை என்பதைச் சொல்லத் தேவையில்லை. தெர்மாகோல் துண்டுதுண்டாக உதிர்ந்து நீரையும் கெடுக்கிறது. மூங்கிலால் பின்னி, தார் பூசிய பரிசல் காவிரிக்கரையார் தொன்றுதொட்டுக் கையாள்வது. முக்காலடி நீரிலும் மிதக்கும். நின்ற இடத்திலேயே திரும்பும். செடி நிறைந்த ஏரிக்கு இது ஏற்றதே. ஆனால் அடியில் முதுகுக்கட்டை இல்லாததால் காற்றடித்தால் சுழன்று ஒதுங்கும். எழுந்து நிற்கவும் இடந்தராது. கண்ணாடியிழையால் செய்த தட்டையான அடிப்பாகமுடைய சிறு படகு இருவருக்குப் போதுமானது. பஞ்சாயத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுவில் ஒன்று வாங்கினால் மீன்பிடிக்கும் பயன்படும்; வெள்ள காலத்தில் மீட்பு வேலைக்கும் உதவும். எண்ணெய் எஞ்சின் வேண்டாம். குடிநீருக்கும் பாசனத்துக்கும் உரிய நீரில் எண்ணெய் கசிய விடலாகாது. சிறிய ஏரிக்குத் துடுப்பும் ஒரு நீண்ட மூங்கிற் கழியுமே ஏற்றவை.

பிற்பகலில் கடற்காற்று எழும்பினால் சிற்றேரியிலும் அலை புரளும். புறப்படும்போது காற்றை எதிர்த்துச் செல்வது நன்று. களைத்துத் திரும்பும் நேரத்தில் காற்றே கரை சேர்க்கும். இதை மாற்றிச் செய்தவர்கள் எதிர்க்கரையில் படகை விட்டுவிட்டு நடந்து வந்ததுண்டு.

படகில் இருக்க வேண்டியவற்றுள் முதன்மையானது உயிர்காப்புச் சட்டை. அது உட்காரும் மெத்தையாகக் கிடப்பதில் பிரயோஜனமில்லை. கரையிலேயே அணிந்து எல்லா வார்களையும் பூட்ட வேண்டும். புதிதாக வாங்கியதும் மார்பளவு நீரில் அணிந்து பார்த்து, முகவாய் நீருக்கு மேல் நிற்கிறதா, சட்டை தலைக்கு மேல் உருவிக்கொண்டு வருகிறதா என்று சோதிக்க வேண்டும். ஐம்பதடிக் கயிற்றின் நுனியில் மூடிய காலி பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கட்டி வைத்தால், மூழ்குபவருக்கு எறிய உதவும். கையை நீட்டாமல் குடத்தை எறிவது இருவர் உயிரையும் காக்கும். நீர் இறைக்க ஒரு செம்பு, சிக்கிய நரம்பை அறுக்க ஒரு கத்தி, ஒரு ஊதல், நங்கூரமாக ஒரு கல் ஆகியவை போதும். நங்கூரக் கயிற்றைப் படகின் முனையில் கட்டுக. பக்கத்தில் கட்டினால் காற்றில் படகு சாயும்.

இப்பகுதிக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆலைகளுக்குச் செல்லும் உயர் மின்னழுத்தக் கம்பிகள் பல ஏரிகளின் மீதும் கரைகளின் மீதும் செல்கின்றன. ஏரி நிறைந்திருக்கும்போது படகில் நிற்பவருக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. கடைகளில் இப்போது விற்கும் கரியிழைத் தூண்டிற்கோல் எடை குறைந்தது, உறுதியானது. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவது. கம்பியைத் தொட வேண்டியதில்லை. மிக அருகே சென்றாலே மின்சாரம் பாயக்கூடும். நனைந்த மூங்கிற்கோலும் இதற்கு விலக்கல்ல. கம்பிகளுக்குக் கீழே தூண்டில் வீசலாகாது. படகு அவ்வழியே செல்ல நேர்ந்தால் கோலைக் கிடையாகப் படுக்க வைக்க வேண்டும். இடி முழங்கினாலும் அவ்வாறே கோலைக் கிடத்தி உடனே கரையேறுக.

மீன்பிடி உரிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் உள்ளன. பல ஏரிகளில் மீன் பாசி உரிமை கூட்டுறவுச் சங்கங்களுக்கோ குத்தகைதாரருக்கோ விடப்படுகிறது. அவர்கள் விலை கொடுத்துக் குஞ்சு விட்டவர்கள். கட்லாவும் ரோகுவும் தேங்கிய ஏரிநீரில் இயல்பாக முட்டையிடுவதில்லை. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி டாக்டர் ஹீராலால் சௌத்ரி ஊசி மருந்தின் மூலம் கெண்டைகளைச் சினைவிடச் செய்ததன் பயனாகவே இன்று எங்கும் குஞ்சுகள் கிடைக்கின்றன. எனவே குத்தகைதாரரின் சம்மதமின்றித் தூண்டில் போடுவது பிறர் வயலில் கதிர் அறுப்பதற்கு ஒப்பாகும். செம்பரம்பாக்கத்தில் உரியவர்களின் அனுமதியின்றிப் படகு இறக்கலாகாது. வெடியும் விஷமும் இட்டு மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது.

மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் பந்து போலத் திரண்டு நீர்மட்டத்தில் நகர்வதைக் காணலாம். அதன் கீழே தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கும். அச்சமயம் அவை எதன் மீதும் பாயுமாதலால் பிடிப்பது வெகு எளிது. பிடித்துவிட்டால் அந்தத் திரள் முழுதும் ஒரே நாளில் கெண்டைக்கும் கொக்குக்கும் இரையாகும். ஒரு மீனுக்காக நூற்றுக்கணக்கான மீன்களை இழப்பது எவ்விதக் கணக்கிலும் இலாபமன்று.

அயல்நாட்டு மீனைக் கொண்டுவந்து விடும் ஆசையும் கூடாது. ஜப்பானில் 1925ஆம் ஆண்டு ஆஷி ஏரியில் விடப்பட்ட பாஸ் நாடெங்கும் பரவி உள்நாட்டு மீன்களை உண்டது; 2005இல் சட்டத்தின் மூலம் அதைத் தடுக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டுக்கு 1952இல் வந்த திலேப்பியா, ஜிலேபி என்ற பெயருடன் ஏரிகளை நிறைத்து, கை அளவுக்கு மேல் வளராமல் பெருகிக் கிடப்பதை நாமே காண்கிறோம். வீட்டுக் கண்ணாடித் தொட்டி மீனை ஏரியில் விடுவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீரில் நுரையோ எண்ணெய்ப் படலமோ மருந்து வாடையோ இருந்தால் அங்கே பிடித்ததை உண்ணலாகாது. செத்து மிதக்கும் மீனை விற்பதும் தகாது. மீன்வளத்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அன்றே அறிவித்து, சுத்தமான சீசாவில் நீரை எடுத்து வைத்தால் பரிசோதனைக்கு உதவும்.

மே மாதம் 1ஆம் தேதி கிராம சபை கூடும் நாளில் பெரும்பாலான ஏரிகள் வற்றிக் கிடக்கும். பள்ளங்களை அடையாளமிடுவதற்கு அதைவிட ஏற்ற சமயமில்லை. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் நிறை நீர்மட்டத்துக்கு மேல் மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கும்படி நான்கு சவுக்குக் கழிகளை ஆழ ஊன்றி, நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். குழியின் ஒரு பக்கச் சுவரையாவது சரிவாக வெட்டிவிட வேண்டும். மண் எடுக்க அனுமதி பெற்றவரைக் கொண்டே இவ்வேலையைச் செய்வித்து முடிக்கும்படி ஊராட்சி தீர்மானம் நிறைவேற்றலாம். கழிகள் ஒரு மழைக்காலத்துக்கு மேல் உறுதியாக நில்லா. அடுத்த மே மாதம் மாற்ற வேண்டியிருக்கும்.