குடும்பமாய் உண்ணக் கொழுக்கட்டையிட்ட கோழி ஸ்டூ



பட்டணத்தில் நம் வீடுகளில் அடுப்பு நாள்தோறும் எரிகிறது. ஆனால் அனைவரும் ஒரே வேளையில் கூடி உண்பது அரிதாகிவிட்டது. தகப்பன் இரவுப்பணி முடிந்து திரும்பும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டிருப்பார்கள். தாய் வேலையிலிருந்து வருமுன் அவர்கள் டியூஷனுக்குப் போயிருப்பார்கள். அவரவர் வரும் நேரத்தில், இருப்பதைச் சூடாக்கி உண்கிறோம். இத்தகைய குடும்பங்கள் வாரம் ஒருமுறையாவது செய்யத்தக்க ஓர் ஆகாரம், அரிசிமாவுக் கொழுக்கட்டையிட்ட கோழி ஸ்டூ.

சிவாஜிநகருக்கு ஸ்டூ புதிதன்று. 1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் வணிகரும் தொழிலாளரும் சமையற்காரரும் வந்து குடியேறினர். முன்னாளில் பிளாக்பள்ளி எனப்பட்ட இப்பகுதியும் அவ்வாறு வளர்ந்ததே. ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் மிளகும் பட்டையும் கிராம்பும் சேர்ந்து, ஸ்டூ நம் நாட்டு ருசியைப் பெற்றது.

சாற்றில் மாவுருண்டை இடுவதும் பல தேசத்தார் அறிந்த வழக்கம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோதுமை மாவில் செய்வர். கேரளக் கிறிஸ்தவர்கள் அரிசிமாவில் செய்த ‘பிடி’யைக் கோழிக்கறியுடன் பரிமாறுவர். காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் வீடுகளில் இறைச்சி மசாலாவில் வேகும் ‘தக்கடி’ உண்டு. நம் கன்னட அயலாரோ ராகி முத்தேயை நாட்டுக்கோழிச் சாற்றில் தோய்த்து உண்பர்.

கொழுக்கட்டைக்கு ஒரு குணம் உண்டு, அது காத்திராது. இறக்கியவுடன் மிருதுவாயிருக்கும். நேரம் செல்லச் செல்லச் சாற்றை உறிஞ்சி, ஆறியபின் இறுகிவிடும். சாதத்தையும் குழம்பையும் பங்கு பிரித்து எடுத்து வைக்கலாம். இதை அவ்வாறு வைத்தால் ருசி போய்விடும். ஆகையால் எல்லாரும் வீட்டிலிருக்கும் வேளையைக் கேட்டறிந்த பின்பே மாவைப் பிசைய வேண்டும்.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

எலும்புடன் கூடிய கோழி 750 கிராம், பெரிய வெங்காயம் 2, உருளைக்கிழங்கு 2, கேரட் 2, பச்சைமிளகாய் 4, இஞ்சி ஒரு துண்டு, பூண்டு 6 பல், பட்டை ஒரு துண்டு, கிராம்பு 4, ஏலக்காய் 2, ஒன்றிரண்டாய்ப் பொடித்த மிளகு 1 தேக்கரண்டி, இரண்டாம் தேங்காய்ப்பால் 2 கப், முதற்பால் 1 கப், கறிவேப்பிலை, எண்ணெய், உப்பு. கொழுக்கட்டைக்கு: வறுத்த அரிசிமாவு 1 கப், தேங்காய்த்துருவல் கால் கப், சீரகம் அரை தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 3.

1927-ல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இவையாவும் கிடைக்கும்.

செய்முறை

தேங்காய், சீரகம், சின்ன வெங்காயத்தைக் கொரகொரப்பாக அரைத்து, உப்புடன் மாவில் கலக்கவும். கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையவும். பச்சைத் தண்ணீரில் அரிசிமாவு ஒட்டாது. வெந்நீரே அதற்குப் பசை தரும். சிறு நெல்லிக்காய் அளவில் உருட்டி, ஈரத்துணியால் மூடி வைக்கவும்.

அகன்ற பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றிப் பட்டை, கிராம்பு, ஏலக்காயைத் தாளித்து, வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகாயை நிறம் மாறாமல் வதக்கவும். கோழி, உப்பு, இரண்டாம் பால், 2 கப் தண்ணீர் சேர்த்து மூடி, 15 நிமிடம் வேகவிடவும். நாட்டுக்கோழியானால் முதலில் குக்கரில் மிருதுவாக வேகவைத்துக்கொள்ளவும். பின்பு காய்களைச் சேர்த்து, சாறு கொதித்ததும் உருண்டைகளை ஒவ்வொன்றாய் இடவும். தீயைக் குறைத்து மூடவும். சாறு தளதளவென்று கொதித்தால் உருண்டை உடையும். முதல் ஐந்து நிமிடம் கரண்டியிடலாகாது.

ஊரில் செய்ததைவிட இங்கே சற்று அதிக நேரம் பிடிக்கும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் தண்ணீர் சுமார் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது. எனவே 15 நிமிடம் கழித்து ஓர் உருண்டையைப் பிளந்து பாருங்கள். நடுவில் வெள்ளை மாவு தெரியாவிட்டால் வெந்துவிட்டது. இறுதியில் முதற்பால், மிளகு, கறிவேப்பிலை சேர்த்துக் கொதிக்குமுன் இறக்கவும். முதற்பால் கொதித்தால் திரிந்துவிடும்.

சிறு பிள்ளைகளுக்கும் பல்லில்லாத முதியோருக்கும் உருண்டைகளைச் சிறு துண்டுகளாக்கியே கொடுங்கள். முழுதாய் விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மீந்த சாற்றை, ஊர் குளிராயிருக்கிறதே என்று வெளியே விட்டுவிடாமல், இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

புதிதாய் ஊரிலிருந்து வந்து, தனி அறையில் காய்ச்சலாய்ப் படுத்திருக்கும் வாலிபன் ஒருவனை நீங்கள் அறிந்திருக்கலாம். அவனுக்கு எடுத்துச் செல்வதானால் உருண்டைகளை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, டிபன் கேரியரின் ஓர் அடுக்கில் அவற்றையும் மற்றோர் அடுக்கில் சூடான சாற்றையும் வையுங்கள். அவனது அறையில் இரண்டையும் கலந்து கொடுத்து, அவன் உண்டு முடிக்கும்வரை உடனிருங்கள்.