ஐரோப்பிய இராணுவம்: யார் அனுப்புவார், யார் பதில் சொல்வார்?

ஐரோப்பாவுக்கென்று ஒரே இராணுவம் வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலெழுந்து, பின்னர் அடங்கிவிடுகிறது. 2015 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழுவின் அப்போதைய தலைவர் ஜோன் குளோட் யுங்கர் அதைக் கேட்டார். 2018 நவம்பரில் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் கேட்டார். ஒரு வாரத்தில் ஜேர்மன் சான்சலர் மேர்க்கெல் அதை ஆமோதித்தார். 2025 பெப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் உக்ரைன் ஜனாதிபதி ஸெலென்ஸ்கி அதே கோரிக்கையை வைத்தார். ஒவ்வொரு முறையும் எதிர்வினை இரண்டு விதமாகத்தான் இருக்கிறது. ஒரு தரப்பு, “பிரசல்ஸ் உங்கள் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பப்போகிறது” என்று எச்சரிக்கிறது. மறுதரப்பு, அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. 2014இல் பிரித்தானியாவில் நைஜல் பராஜும் நிக் கிளெக்கும் நடத்திய தொலைக்காட்சி விவாதத்தில், ஐரோப்பிய இராணுவம் என்பதே ஆபத்தான கற்பனை என்றார் கிளெக். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது அந்தக் “கற்பனை”யும் அதற்கான பிரசாரத்தில் ஓர் ஆயுதமாகியிருந்தது.

இந்தக் கேள்வி நமக்கும் அவ்வளவு தூரத்தில் இல்லை. பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் டென்மார்க்கிலும் குடியுரிமை பெற்று வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது பதினெட்டு வயதை எட்டுகிறார்கள். “ஐரோப்பிய ஆமிக்கு ஆள் எடுக்கிறாங்களாம், உண்மையா?” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் உறவினர்கள் எனக்கும் இருக்கிறார்கள். போர் ஒன்றிலிருந்து தப்பிப் போனவர்களுக்கு அந்தக் கேள்வி சாதாரணமானதல்ல. எனவே முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு யாரையும் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கும் அதிகாரம் இல்லை. 2008 ஜூனில் லிஸ்பன் ஒப்பந்தத்தை அயர்லாந்து மக்கள் சர்வஜன வாக்கெடுப்பில் நிராகரித்தபோது இந்த அச்சமும் காரணங்களில் ஒன்றாக இருந்தது. அடுத்த ஆண்டு ஒன்றியத் தலைவர்கள் எழுத்திலேயே உறுதி கொடுத்தார்கள்: இவ்வொப்பந்தம் ஐரோப்பிய இராணுவத்தை உருவாக்கவில்லை, எந்தப் படையணிக்கும் கட்டாய ஆட்சேர்ப்பை ஏற்படுத்தவில்லை என்று. இன்று இளைஞர்களின் வீட்டுக்கு வரும் கடிதங்கள் பிரசல்ஸிலிருந்து வருவன அல்ல. பதினெட்டு வயது ஆண்கள் கட்டாயம் நிரப்ப வேண்டிய கேள்விக்கொத்தை ஜேர்மனியில் கொண்டுவந்தது 2025 டிசெம்பரில் ஜேர்மன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். பெண்களையும் கட்டாய சேவைக்கான சீட்டுக் குலுக்கலில் சேர்த்தது டென்மார்க் நாடாளுமன்றம். இவற்றை எதிர்ப்பவர்கள் எங்கே போய் எதிர்க்க வேண்டும் என்பது தெளிவு. அவர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர்களிடம்தான்.

ஆனால் “அப்படி எதுவும் இல்லை” என்ற பதிலோடு விடயத்தை மூடிவிடுவதும் நேர்மையல்ல என்பது என் கருத்து. அச்சத்துக்குக் கொடுக்கப்பட்ட வடிவம் பிழையாக இருக்கலாம். அதற்கு உள்ளே ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. படையினரைச் சாகக்கூடிய இடத்துக்கு அனுப்பும் முடிவை யார் எடுப்பது? அந்த முடிவு பிழைத்துப்போனால் எந்த மன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்வது?

இந்தக் கேள்வி புதியதல்ல. 1950இல் கொரியப் போர் வெடித்ததும், மேற்கு ஜேர்மனிக்கு மீண்டும் ஆயுதம் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கா அழுத்தியது. போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். ஜேர்மன் இராணுவம் ஒன்று மீண்டும் உருவாவதை எப்படியாவது தடுக்க நினைத்த பிரான்ஸ், பிரதமர் ரெனே பிளெவனின் பெயரில் ஒரு திட்டத்தை முன்வைத்தது: ஜேர்மன் இராணுவம் வேண்டாம், ஜேர்மன் சிப்பாய்களையும் உள்ளடக்கிய ஐரோப்பிய இராணுவம் இருக்கட்டும். பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1952 மே 27 அன்று பாரிஸில் ஒப்பந்தமிட்டன. அதை எழுதியவர்கள் பொறுப்புக்கூறலை மறந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்படும் சபை ஒன்றை அமைப்பது குறித்து ஆராய வேண்டும் என்று ஒப்பந்தத்தின் 38ஆம் உறுப்புரை கூறியது. பொது இராணுவம் என்றால் அதைக் கேள்வி கேட்கப் பொது நாடாளுமன்றமும் வேண்டும் என்பது அன்றே அவர்களுக்கு விளங்கியிருந்தது.

அந்த ஒப்பந்தத்தை ஜேர்மனியும் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியனவும் ஏற்றன. திட்டத்தைப் பெற்றெடுத்த பிரான்ஸே அதைக் கொன்றது. 1954 ஓகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு தேசிய சபை 319க்கு 264 என்ற வாக்குகளால் அதை விவாதத்துக்கே எடுக்காமல் தள்ளியது. டி கோலின் ஆதரவாளர்களும் கம்யூனிஸ்ட்டுகளும் ஒரே பக்கம் வாக்களித்து, சபைக்குள்ளேயே தேசிய கீதம் பாடினார்கள். விளைவு வேடிக்கையானது. அடுத்த ஆண்டே மேற்கு ஜேர்மனி தன் சொந்த இராணுவத்தோடு நேட்டோவில் சேர்ந்தது. எதைத் தடுக்கத் திட்டம் போட்டார்களோ, அதுவே நடந்தது.

இப்போதைய சட்ட நிலை என்ன? ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 42ஆம் உறுப்புரைப்படி, பொதுப் பாதுகாப்பு என்ற கட்டத்துக்குப் போக உறுப்பு நாடுகளின் தலைவர்கள் அனைவரும் ஏகமனதாக முடிவெடுக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு நாடும் தன் அரசமைப்பின்படி அதை ஏற்க வேண்டும். அயர்லாந்து அரசமைப்பு அதில் சேர்வதையே தடுக்கிறது. சேர வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். ஆக, ஒரே இரவில் யாரும் ஐரோப்பிய இராணுவத்தை அறிவித்துவிட முடியாது. 2007 முதல் தயார்நிலையில் இருக்கும், ஏறத்தாழ 1,500 பேர் கொண்ட ஒன்றியப் போர்க்குழுக்கள் இன்றுவரை ஒரு தடவைகூடக் களத்துக்கு அனுப்பப்படவில்லை. அவற்றைப் பார்த்துப் பயப்படுவதைவிடப் பரிதாபப்படுவதே பொருத்தம்.

ஆனால் பெயர் இல்லாமலே படைகள் கலந்துகொண்டிருக்கின்றன. நெதர்லாந்துத் தரைப்படையின் மூன்று போர்ப் பிரிகேட்டுகளும் 2014 முதல் 2023 வரை ஒவ்வொன்றாக ஜேர்மன் டிவிஷன்களின் கீழ் இணைக்கப்பட்டன. அமைதிக் காலத்தில் பயிற்சியும் கட்டளையும் பொதுவானவை. போருக்கு அனுப்பும் முடிவு மட்டும் அந்தந்தத் தலைநகரில். சிக்கல் தொடங்குவது இங்கேதான், ஏனென்றால் தலைநகர்கள் ஒரே விதமாக முடிவெடுப்பதில்லை.

ஜேர்மனியில், 1994இல் அரசமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஆயுதமேந்திய படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றமான பூண்டெஸ்டாக்கின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். அவசரம் என்றால் மட்டும் பின்னர் பெறலாம். அங்கே இராணுவத்தை “நாடாளுமன்ற இராணுவம்” என்றே அழைக்கிறார்கள். பிரான்ஸில் ஜனாதிபதியே முப்படைத் தலைவர். 2008இல் திருத்தப்பட்ட அரசமைப்பின்படி மூன்று நாட்களுக்குள் நாடாளுமன்றத்துக்கு அறிவித்தால் போதும். நான்கு மாதங்களைத் தாண்டினால்தான் வாக்கெடுப்பு. 2013 ஜனவரியில் ஜனாதிபதி ஒல்லாந்து மாலிக்குப் படை அனுப்பினார். பிரெஞ்சு நாடாளுமன்றம் வாக்களித்தது ஏப்ரலில். அதே மாலிக்கு, சண்டைக்கு அல்லாமல் பயிற்சிக்கும் உதவிக்கும் படையினரை அனுப்புவதற்கே பூண்டெஸ்டாக் பெப்ரவரியில் விவாதித்து வாக்களித்தது.

இந்த இரு நாடுகளின் சிப்பாய்களும் ஒரே கவச வாகனத்தில் அமர்ந்திருந்தால் என்ன ஆகும்? இது வெறும் ஊகம் அல்ல. நேட்டோவின் அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்களில் பல நாட்டவர் சேர்ந்தே பணியாற்றுகிறார்கள். ஜேர்மனியர்களின் பங்கு பெரியது. 2003இல் ஈராக் போரின்போது அவை துருக்கி வான்பரப்பில் பறந்தன. ஜேர்மன் அரசாங்கம் நாடாளுமன்றத்தைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று 2008இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011இல் லிபியா மீதான தாக்குதலில் சேர்வதில்லை என்று ஜேர்மனி முடிவெடுத்தபோது, தன் ஆட்களை அவ்விமானங்களிலிருந்து இறக்கிக்கொண்டது. நேச நாடுகளுக்குக் கடும் எரிச்சல். கலந்த படையில் ஒரு நாட்டு நாடாளுமன்றத்தின் மறுப்பு எல்லோரையும் முடக்கும் என்றார்கள்.

அவர்கள் சொன்னது உண்மை. அதனால்தான் அது கவலைக்குரியது. படைகள் எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்படுகின்றனவோ, “வேண்டாம்” என்று சொல்வதற்கான விலை அவ்வளவு உயர்கிறது. சட்டப் புத்தகத்தில் நாடாளுமன்றத்தின் உரிமை அப்படியே இருக்கும். ஆனால் உறுப்பினர்கள் கையுயர்த்தும்போது, மறுத்தால் கூட்டணியே உடையும் என்ற நெருக்குதல் அவர்கள் மீது இருக்கும். அப்படிப்பட்ட வாக்கு எவ்வளவு தூரம் சுதந்திரமானது?

அப்படியானால் அந்த உரிமையை ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். 1979 முதல் அது நேரடித் தேர்தலால் அமைகிறது. 1952இல் கனவு கண்ட சபை அதுவே. ஆனால் வெளியுறவு, பாதுகாப்பு விடயங்களில் அதற்கு இருப்பது கருத்துச் சொல்லும் உரிமை மட்டுமே. ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கும் அத்துறையில் பெரும்பாலும் நியாயாதிக்கம் இல்லை. மறுபுறம், வெளிநாட்டுப் படை நடவடிக்கைக்கு பூண்டெஸ்டாக்கின் ஒப்புதல் என்ற நிபந்தனையை ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் பெயரால்கூடக் கைவிட முடியாது என்று 2009இல் ஜேர்மன் அரசமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலே அதிகாரம் இல்லை. கீழே இருப்பதை விட்டுக்கொடுக்கவும் முடியாது. இந்த இடைவெளியில் முடிவுகளை எடுப்பவர்கள் மூடிய அறைக்குள் கூடும் அமைச்சர்களும் தலைவர்களும்.

பணத்தைப் பின்தொடர்ந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒன்றியத்தின் பொது வரவு செலவுத் திட்டத்திலிருந்து இராணுவ நடவடிக்கைகளுக்குச் செலவிடுவதை ஒப்பந்தம் தடை செய்கிறது. எனவே 2021இல் “ஐரோப்பிய சமாதான வசதி” என்ற நிதியைத் திட்டத்துக்கு வெளியே அமைத்தார்கள். பெயரில்தான் சமாதானம்; 2022இல் உக்ரைனுக்கு உயிர்க்கொல்லி ஆயுதங்கள் வழங்க ஒன்றியம் முதன்முறையாகப் பணம் கொடுத்தது இதிலிருந்துதான். ஏறத்தாழ 5.7 பில்லியன் யூரோவில் தொடங்கிய நிதி 17 பில்லியனைத் தாண்டியது. திட்டத்துக்கு வெளியே இருப்பதால் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அதன் மீது வாக்கு இல்லை. உக்ரைனுக்கு உதவியது சரியா பிழையா என்பது வேறு விவாதம். சரி என்றே நான் நினைக்கிறேன். சரியான காரியத்துக்காகத் திறக்கப்பட்ட பின்கதவும் பின்கதவுதான்.

அடுத்தது 2025. 800 பில்லியன் யூரோ வரை பாதுகாப்புச் செலவைத் திரட்டும் திட்டத்தை ஆணைக்குழுத் தலைவர் உர்சுலா பொன் டெர் லையன் மார்ச்சில் அறிவித்தார். அதன் ஒரு பகுதி, உறுப்பு நாடுகள் ஆயுதம் வாங்க 150 பில்லியன் யூரோ கடன். அதற்குப் பயன்படுத்தியது ஒப்பந்தத்தின் 122ஆம் உறுப்புரை, அதாவது நெருக்கடிக் கால ஏற்பாடு. அவ்வழியில் அமைச்சர்கள் சபை முடிவெடுத்தால் போதும். ஐரோப்பிய நாடாளுமன்றம் தேவையில்லை. சபை அதை நிறைவேற்றியது 2025 மே 27 அன்று. பாரிஸில் அந்தப் பழைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு சரியாக 73 ஆண்டுகள். யாரும் திட்டமிட்டுத் தெரிந்த நாளாக இருக்காது. கடன் திட்டத்தை எதிர்க்காத, அதன் நோக்கத்தைப் பெரும்பான்மையாக ஆதரிக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றமே, தன்னைச் சுற்றிப் போனதற்காக அமைச்சர்கள் சபை மீது லக்சம்பர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

இதனால்தான் உறவினர்களிடம் நான் சொல்வது இது: ஐரோப்பிய சீருடை அணிந்த ஒருவர் கதவைத் தட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது இதைவிடச் சலிப்பூட்டும் இடங்களில் இருக்கிறது. எந்த உறுப்புரையின் கீழ் முடிவெடுத்தார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்பதில்.

இப்போது அப்படிப் பார்க்க வேண்டிய ஓர் இடம் டப்ளின். அயர்லாந்து தன் படையினரை வெளிநாட்டு நடவடிக்கைக்கு அனுப்ப மூன்று பூட்டுகள் உண்டு: ஐநாவின் ஆணை, அரசாங்கத்தின் முடிவு, நாடாளுமன்றத்தின் கீழவையான டொயிலின் ஒப்புதல். 12 பேருக்கு மேல் போனால் மூன்றும் வேண்டும். ரஷ்யா தன் வீட்டோவால் அயர்லாந்தின் கையைக் கட்டிவிடக்கூடாது என்ற வாதத்தோடு முதல் பூட்டை நீக்க அரசாங்கம் முயல்கிறது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஊடகங்களின் கவனம் முழுவதும் அங்கேதான். ஆனால் 2025 மார்ச்சில் அமைச்சரவை அங்கீகரித்த அதே வரைவில், பெரிதாகப் பேசப்படாத இன்னொரு மாற்றமும் இருந்தது. 12 என்ற எண்ணிக்கை 50 ஆகிறது. அதாவது 50 பேர் வரை அனுப்புவதற்கு டொயிலைக் கேட்க வேண்டியதில்லை.