நல்ல நித்திரை – 9: பரவைக் கரை வீட்டுக்கு எந்த மெத்தை?

யாழ்ப்பாண நகரின் கிழக்கு ஓரத்தில், பாசையூருக்கும் அரியாலைக்கும் பக்கத்தில், பரவைக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது கொழும்புத்துறை. அக்கரையில் பூநகரி. சித்திரை வைகாசியில் இங்கே இரவு பத்து மணிக்கும் சீமெந்துச் சுவர் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் அதே சுவரில் ஈரம் ஊறும், அலுமாரிக்குள் உடுப்பு மணக்கத் தொடங்கும். மெத்தை வாங்குவது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு அறைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கொழும்புத்துறையில் ஒருவர் வாங்கும் மெத்தை முதலில் இந்தப் புழுக்கத்தையும் இந்த ஈரத்தையும் தாங்க வேண்டும். தடிப்பு, விலை, கொம்பனிப் பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சென்ற வாரங்களில் நித்திரைக்கும் உடற்சூட்டுக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தோம். நித்திரை வரும் நேரத்தில் உடலின் உட்சூடு ஏறத்தாழ ஒரு பாகை குறைய வேண்டும். உள்ளேயிருக்கும் சூடு கைகால்களின் தோல் வழியாக வெளியே போகிறது. மின்விசிறிக் காற்று மேற்பக்கத்துச் சூட்டைக் கொண்டுபோய்விடும். கீழ்ப்பக்கம் மெத்தையில் அமுங்கிக் கிடக்கிறது, அங்கே காற்று போகாது. வியர்வை உலராமல் முதுகு நனைந்து, நள்ளிரவில் எழும்பித் தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், நித்திரைக் குறைவுக்கு ஒரு காரணம் அந்த மெத்தையாகவே இருக்கலாம்.

எங்கள் முன்னோர் கோடையில் பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனதில் நல்ல காரணம் இருந்தது. சீமெந்து நிலம் உடற்சூட்டை வாங்கிக்கொள்ளும், பனையோலைப் பாயின் இழைகளுக்கிடையே காற்று ஓடும். பாயில் படுப்பதை வறுமையின் அடையாளமாக நினைத்து வெட்கப்படுகிறவர்களைக் காணும்போது எனக்கு மனவருத்தம் உண்டாகிறது. உடல் நோ இல்லாத இளவயதினருக்கு வைகாசி மாத இரவில் பாயைவிட நல்ல படுக்கை கிடையாது என்று துணிந்து சொல்வேன்.

ஆனால் பாய்க்கும் எல்லை உண்டு. மாரியில் நிலம் குளிர்ந்து ஈரம் கசியும். அறுபது வயது தாண்டியவருக்கு நிலத்திலிருந்து எழும்பும்போது முழங்கால் இழுக்கும். இன்னொன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட சனம், தென்மராட்சியிலும் வன்னியிலும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் கோயில் மடங்களிலும் கிடைத்த இடத்தில் சாக்கையும் பாயையும் விரித்துப் படுத்தது. கொழும்புத்துறைச் சனமும் அதில் இருந்தது. அப்படிப் பல இரவுகளைக் கழித்த ஒரு தாய், பின்னாளில் தன் வீட்டு அறையில் ஒரு கட்டிலும் மெத்தையும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லக்கூடாது. அந்த ஆசைக்குத் தகுந்த பொருள் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே என் அக்கறை.

கிடைப்பது பெரும்பாலும் வேறு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளை தொலைபேசியில் சொல்வார்: “அம்மா, காசைப் பாக்காதேங்கோ. நல்ல மொத்தமான ஸ்பொஞ் மெத்தையா, பத்து அங்குலத்தில எடுங்கோ.” பிள்ளையின் அன்பில் குறையில்லை. அவர் படுப்பது பனி பெய்யும் ஊரில். உடற்சூட்டைப் பிடித்து வைக்கும் தடித்த நுரை அங்கே சுகம். அதே நுரை வைகாசியில் இங்கே அம்மாவைத் தூங்க விடாது. மெமறி ஃபோம் என்று விற்கப்படும் வகையில் சூடு இன்னும் அதிகமாகத் தங்கும். 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று உருவாக்கப்பட்ட நுரை அது. உடற்சூடு பட்டதும் இளகி உடலைச் சுற்றி அணைத்துக்கொள்வது அதன் இயல்பு. அணைத்துக்கொள்ளும் இடமெல்லாம் காற்று அடைபடும். குளிரூட்டிய அறை இருந்தால் அது பொருந்தலாம். மின்விசிறி மட்டுமுள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

உயரத்தையும் கவனியுங்கள். பாலை மரத்திலோ தேக்கிலோ செய்த பழைய கட்டில் தானே உயரமாக இருக்கும். அதன்மேல் பத்து அங்குல மெத்தையைப் போட்டால் அம்மாவின் கால் நிலத்தைத் தொடாது. இரவில் ஒன்றுக்குப் போக எழும்பும்போது சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அதுவே போதும். கட்டில் விளிம்பில் இருந்தால் இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்கால் ஏறத்தாழ நேர்கோணத்தில் மடங்க வேண்டும். கட்டிலின் உயரத்தை அளந்துகொண்டுதான் மெத்தையின் தடிப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

இனி நாரி நோவுக்கு வருவோம். மெத்தை மாற்றுகிறவர்களில் பாதிப்பேர் இதற்காகத்தான் மாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன். “நாரி பிடிச்சா பலகையில படுங்கோ” என்பது எங்களிடம் நெடுங்காலமாக இருக்கும் வைத்தியம். வைத்தியர்களும் ஒருகாலத்தில் அப்படியே சொன்னார்கள். ஸ்பெயினில் நீண்டகால நாரி நோ உள்ள 313 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அது வெளியானது. ஒரு பகுதியினருக்குக் கடினமான மெத்தை, மறுபகுதியினருக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தை கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, படுக்கையில் கிடக்கும்போதும் எழும்பும்போதும் உள்ள நோவும் அன்றாட வேலைக்கு வரும் இடைஞ்சலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே கூடுதலாகக் குறைந்திருந்தன. ஐரோப்பிய அளவுகோலில் 1 மிகக் கடினம், 10 மிக மென்மை. நன்மை தந்த மெத்தையின் அளவு 5.6, மற்றதன் அளவு 2.3.

காரணத்தை விளங்கிக்கொள்வது எளிது. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் அகலமாக வெளியே நிற்கின்றன, நடுவில் இடை உள்வாங்கி இருக்கிறது. பலகையில் தோளும் இடுப்பும் அழுந்தி நோகும், இடை தாங்கலின்றித் தொங்கும். பஞ்சுபோன்ற மெத்தையிலோ பாரமான இடுப்பு புதைந்து முள்ளந்தண்டு வளையும். தோளும் இடுப்பும் அளவாக உள்ளே போய், இடைக்கும் தாங்கல் கிடைத்தால் முள்ளந்தண்டு நேராக நிற்கும். எந்த மெத்தை நடுத்தரம் என்பது படுப்பவரின் பாரத்தைப் பொறுத்தது. நாற்பத்தைந்து கிலோ உள்ள அம்மாவுக்குக் கல்லாக இருக்கும் மெத்தை எண்பத்தைந்து கிலோ உள்ள அப்பாவுக்கு அளவாக இருக்கும். கடைக்காரர் எழுதி ஒட்டியிருக்கும் சொல்லை நம்பி வாங்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

இப்போது பொருளைப் பார்ப்போம். எங்கள் வெக்கைக்கு ஏற்ற இரண்டு பொருள்களும் இந்தத் தீவிலேயே விளைகின்றன. ஒன்று தென்னந்தும்பு. பொச்சுமட்டையை நீரில் ஊறவைத்து அடித்தெடுக்கும் தும்பில் நீளமானது தூரிகைக்கும் தும்புத்தடிக்கும் போகிறது, குட்டையானது மெத்தைக்குப் போகிறது. அதைச் சுருட்டி, இறப்பர் பால் தெளித்து, அழுத்திச் சூடாக்கித் தகடாக்குவார்கள். அதுதான் கடையில் கிடைக்கும் தும்பு மெத்தை. இழைகளுக்கிடையே காற்று தாராளமாகப் போகும், உடற்சூடு தங்காது. குறை என்னவென்றால் அது கொஞ்சம் கடினம், சில வருடங்களில் நடுவில் பள்ளம் விழும். மாதமொரு முறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பியும், மேல்பக்கத்தைக் கீழாகப் புரட்டியும் போட்டால் பள்ளம் பிந்தும். இரண்டு அங்குல இறப்பர் நுரை மேலே வைத்துத் தைத்த தும்பு மெத்தையும் கிடைக்கிறது. என் அறிவுக்கு எட்டியவரை கொழும்புத்துறையில் மின்விசிறி மட்டும் உள்ள நடுத்தர வீட்டுக்கு அதுவே முதல் தேர்வு.

மற்றது முழு இறப்பர் பால் மெத்தை. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் கொண்டுபோன இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. இறப்பர் பாலை நுரையாக அடித்து மெத்தையாக்கும் முறையை 1929இல் இங்கிலாந்தின் டன்லப் தொழிற்சாலையில் கண்டுபிடித்தார்கள். நெகிழ்ந்து கொடுத்து உடனே மீளும் தன்மை இந்த மெத்தையின் சிறப்பு. வார்க்கும்போதே உள்ளே துளைகள் விழுவதால் காற்றும் போகும். நெடுங்காலம் உழைக்கும். விலையும் பாரமும் அதிகம். வெளிநாட்டுப் பிள்ளை காசு அனுப்பத்தான் போகிறார் என்றால் இதற்கு அனுப்பட்டும்.

இலவம் பஞ்சு மெத்தையைச் சொல்லாமல் விட முடியாது. அது மென்மையானது, பிரித்து உலர்த்தித் திரும்ப அடைத்துத் தைக்கலாம். ஆனால் கட்டிபிடிக்கும், ஈரத்தில் மணக்கும். ஸ்பிரிங் மெத்தைக்குள் காற்று ஓடும் என்றாலும் உப்புக்காற்று அடிக்கும் கரையோரத்தில் கம்பி துருப்பிடிக்கும் என்பதை யோசித்து வாங்குங்கள். மலிவான ஸ்பொஞ் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் பாரம் குறைந்தது சீக்கிரம் அமுங்கிப்போகும்.

வாங்கி வந்தபின் நடக்கும் ஒரு தவறு மிகப் பரவலானது. கடையில் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் உறையைக் கழற்றாமல் அதன்மேலேயே விரிப்பைப் போட்டுப் படுக்கிறார்கள். மெத்தை புதிதாகவே இருக்க வேண்டும் என்ற கவனம் அது. காற்றுப் போகவென்று தேடி வாங்கிய மெத்தையின் முழுப் பயனும் அந்த உறையால் இல்லாமல் போகிறது. வியர்வை ஆவி உள்ளே அடைபட்டுப் பூஞ்சணமும் பிடிக்கும். தயவுசெய்து முதல் நாளே கழற்றிவிடுங்கள். கட்டிலில் முழுப்பலகை அடித்திருந்தால் அதில் துளைகள் போடுங்கள், குறுக்குச் சட்டங்கள் என்றால் அவற்றை நெருக்கமாக அடியுங்கள்.

முட்டு வருத்தம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இதற்கு மேலும் கவனம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள் மெத்தையில் உதிரும் எங்கள் தோல் துணுக்கைத் தின்று வாழ்கின்றன. அவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சுகின்றன. எங்கள் கரையோரக் காற்று அவற்றுக்கு வாய்ப்பானது. விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கு ஒருதரம் 55 பாகைக்கு மேற்பட்ட சுடுநீரில் தோய்க்க வேண்டும். தும்பு, பஞ்சு மெத்தைகளை மழை ஓய்ந்த தை மாசி வெய்யிலில் நன்றாகக் காயவிடலாம். இறப்பர் நுரையை வெய்யிலில் போடக்கூடாது, அது நொய்ந்து உதிரும். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

கைக்குழந்தைக்கும் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் மேலே சொன்ன கணக்குகள் செல்லாது. குழந்தைக்குத் தட்டையான, கெட்டியான படுக்கை, மல்லாந்த கிடை, நுளம்பு வலை இவை மட்டுமே வேண்டும். தலையணையும் மென்மெத்தையும் மூச்சை அடைக்கும் ஆபத்துள்ளவை. நாடி நெஞ்சில் குத்தும்படி ஏணையில் வளைந்து கிடக்கும் சின்னக் குழந்தையை இரவு முழுவதும் அப்படியே விடாதீர்கள். எழும்ப முடியாத நோயாளிக்கு எந்த விலையுயர்ந்த மெத்தையும் தனியே படுக்கைப் புண்ணைத் தடுக்காது. மோட்டர் பூட்டிய காற்று மெத்தை உதவும், அத்துடன் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் கைகளும் வேண்டும்.

நாரி நோவுடன் காய்ச்சல், உடல் மெலிவு, கால் விறைப்பு, சலம் அடக்க முடியாமை இவற்றில் ஒன்றேனும் இருந்தால் மெத்தைக் கடைக்குப் போகாதீர்கள். யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். பலத்த குறட்டையும் பகல் முழுவதும் தூக்கமும் உள்ளவருக்கும் இதுவே என் சொல்.

மற்றவர்கள் கடைக்குப் போகும்போது படுக்கப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பாரோ அப்படியே ஒரு கால் மணித்தியாலம் படுக்கட்டும். மல்லாந்து படுத்திருக்கும்போது நாரிக்கும் மெத்தைக்கும் இடையே உங்கள் உள்ளங்கையை நுழையுங்கள். தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கடினம், நுழையவே முடியாவிட்டால் மிக மென்மை, உரசிக்கொண்டு போனால் அளவானது. பிறகு ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி முதுகுப்பக்கம் நின்று பாருங்கள், பிடரியிலிருந்து நாரிவரை ஒரே கோடாக இருக்க வேண்டும். அம்மா கூச்சப்படுவார். “சரி தம்பி, கையால அமத்திப் பாத்தாக் காணும்” என்பார். காணாது. கையில் தெரிவது மேல்துணியின் மென்மை மட்டுமே.

பற்றுச்சீட்டையும் உத்தரவாதக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதத்தில் எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். விற்றவர் சொன்னதற்கு மாறாக நடந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். படுத்துப் பார்க்க விடாத கடையில் மெத்தை வாங்க வேண்டாம்.

(அடுத்த வாரம்: தலையணையும் கழுத்து நோவும்)