வெயிலே குடித்துவிடும் விஸ்கி!

அமெரிக்காவின் பர்பன் விஸ்கியில் 20 வருடம் ஊறியது என்றால் அரிய சரக்கு. உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் கிடக்கும்போதுதான் அதற்கு நிறமும் வனிலா மணமும் ஏறுகின்றன. அதே பீப்பாய் வழியாக ஆவியாகிக் குறையவும் செய்யும். ‘தேவதைகளின் பங்கு’ என்று இதற்குச் செல்லப்பெயர். ஸ்காட்லாந்தில் இந்த இழப்பு ஆண்டுக்குச் சுமார் 2 சதவிகிதம். பெங்களூரில் 10 சதவிகிதத்தைத் தாண்டும். அங்குள்ள அம்ருத் நிறுவனம், 8 ஆண்டுகள் ஊறவைத்து 2013-ல் வெளியிட்ட விஸ்கிக்கு ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’, அதாவது பேராசைக்கார தேவதைகள் என்று பெயர் வைத்தது அதனால்தான்.

பெங்களூருக்கே இப்படி என்றால், செங்கல்பட்டு வெயிலுக்கு? அதே 10 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டாலும், 100 லிட்டர் 20 ஆண்டுகளில் 12 லிட்டராகிவிடும்!

நம் கடற்கரையின் கணக்கே வேறு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்றொரு துறைமுகம் வருகிறது. அது மாமல்லபுரம்தான் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. அதே நூலில் வலைஞர் வீட்டு மதுவுக்கும் செய்முறை உண்டு. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, ஆறவைத்து, முளைதானிய மாவு கலந்து ஜாடியில் வைப்பார்கள். (விஸ்கிக்காரர்கள் ‘மால்ட்’ என்பதும் முளைவிட்ட தானியத்தைத்தான்!) காத்திருப்பது இரண்டு பகல், இரண்டு இரவு. பிறகு வெந்நீர் விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தாளிக்கு.