பசியாறும் வேளையில் வானொலி

வைகறையில் துயில் எழுதல் நம் முன்னோர் வகுத்த நன்னெறி. அந்நெறியைத் தோட்டப்புற மக்கள் நாள்தோறும் போற்றி வந்தனர். ரப்பர் மரத்தின் பால் குளிர்ந்த காலை வேளையிலேயே நன்கு வடியும். வெயில் ஏற ஏற அது குறையும். ஆதலின் பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்வதும், அதற்கும் முன்பே அடுப்பு மூட்டுவதும் நம் தாய் தந்தையரின் வழக்கமாயின. அவ்விருட்பொழுதில் அவர்களுக்குத் துணையாக வீட்டினுள் ஒலித்த குரல் வானொலியின் குரலாகும். திங்கள் முதல் வெள்ளி வரை நாம் பசியாறும் வேளையில் வரும் காலை நிகழ்ச்சி எவ்வாறு உருவாகிறது, எவ்வழியாக நம்மிடம் வந்து சேருகிறது, அதனால் நாம் பெறும் பயன் யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வானொலி வந்த வரலாறு

1937ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா பிறந்தது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம்பெற்றது. 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உருவானபோது அது ரேடியோ மலேசியா ஆயிற்று. 1969இல் வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே துறையாக இணைந்தன. கோலாலம்பூரில் உள்ள அங்காசாபுரி அவற்றின் இல்லமாயிற்று. நெடுங்காலம் 'வானொலி ஆறு' என வழங்கிய தமிழ் ஒலிபரப்பு, 2005ஆம் ஆண்டில் 'மின்னல் எஃப்.எம்.' என்னும் பெயர் பூண்டது.

தொடக்கக் காலத்து வானொலிப் பெட்டி பெரியது, விலையும் மிகுதி. மின்சாரம் இரவில் சில மணி நேரமே வந்த தோட்டங்களில் அதனை வைத்திருத்தல் எளிதன்று. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் என்னும் சிறு பொருளே இக்குறையைப் போக்கியது. 1954இல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. சில பேட்டரிகளைக் கொண்டே இயங்கிய அச்சிறு பெட்டி, காலப்போக்கில் மின்சாரம் இல்லாத லயத்து வீட்டிற்குள்ளும் உலகச் செய்திகளைக் கொண்டு வந்தது.

காலை நேரத்தின் சிறப்பு

செய்தித்தாளைப் படிக்கக் கண் வேண்டும். தொலைக்காட்சிக்கோ கண்ணும் செவியும் வேண்டும். வானொலிக்குச் செவி மட்டும் போதும். அம்மா தோசை சுடலாம். அப்பா வெட்டுக்கத்தியைத் தீட்டலாம். பிள்ளைகள் காலணி அணியலாம். கைகள் வேலை செய்துகொண்டிருக்க, காது செய்தியைக் கேட்டுக்கொள்ளும். இதனால்தான் உலகின் பல வானொலி நிலையங்கள் காலை நிகழ்ச்சியைத் தம் முதன்மை நிகழ்ச்சியாகக் கருதுகின்றன. இங்கிலாந்தில் பி.பி.சி. நிலையம் 1957ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் தொடங்கிய 'டுடே' என்னும் காலை நிகழ்ச்சி இன்றளவும் ஒலித்து வருகிறது.

வார நாள்களில் எல்லாரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் புறப்படுகின்றனர். ஆகவே காலை நிகழ்ச்சியில் மணியை அடிக்கடி சொல்ல வேண்டியுள்ளது. நம் நாட்டில் அதற்குத் தனிச் சிறப்பும் உண்டு. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாயிற்று. கடிகாரம் முன்னே சென்றது. கதிரவனோ தன் வழியிலேயே நின்றது! அதனால்தான் நாம் இருள் விலகுமுன்னரே பள்ளிக்கு ஆயத்தமாகிறோம். விடியலைப் பார்த்து மணி சொல்ல இயலாத அப்பொழுதில் வானொலி சொல்லும் நேரமே நமக்கு வழிகாட்டி.

ஒரு மணி நேரத்தின் கணக்கு

நாம் கண் விழிக்குமுன்னரே அறிவிப்பாளர் நிலையத்திற்கு வந்துவிடுகிறார். கலையகத்தில் அவர்முன் ஒலிவாங்கியும் கடிகாரமும் இருக்கும். அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கே. மாணவர்களே, எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் செய்திக்கு 5 நிமிடம், வானிலைக்கு 2 நிமிடம், சாலை நிலவரத்திற்கு 3 நிமிடம், உரையாடலுக்கும் அறிவிப்புகளுக்கும் 14 நிமிடம் என ஒதுக்கினால், எஞ்சுவன 36 நிமிடங்கள். ஒரு பாடல் 4 நிமிடம் எனின், 9 பாடல்களையே ஒலிபரப்பலாம். ஒருவர் 4 நிமிடம் கூடுதலாகப் பேசிவிட்டால் ஒரு பாடல் குறைந்துவிடும். காலத்தின் அருமையை இதனினும் தெளிவாக உணர்த்தும் பாடம் வேறுண்டோ?

ஒலி வரும் வழி

அறிவிப்பாளரின் குரலை ஒலிவாங்கி மின்னலைகளாக மாற்றுகிறது. அவை ஒலிபரப்பு நிலையத்திற்குச் சென்று, வானலைகளாக வெளியேறுகின்றன. நம் வீட்டுப் பெட்டி அவ்வலைகளைப் பிடித்து மீண்டும் ஒலியாக்குகிறது. காற்றில் ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். வானலையோ 3,00,000 கிலோமீட்டர் செல்லும். இடையிலுள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீக்கிப் பார்த்தால் ஒரு வியப்பு விளங்கும். கலையகத்தில் 4 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அறிவிப்பாளரின் குரல் எட்டுவதற்கு முன்பே, 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வானொலிப் பெட்டியை அது அடைந்துவிடும்!

பண்பலை என்னும் எஃப்.எம். அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் அவை தேய்ந்துவிடும். ஆகவே குனோங் உலு காலி, குனோங் லேடாங், குனோங் ஜெராய் போன்ற உயர்ந்த மலைகளில் ஒலிபரப்புக் கோபுரங்களை நிறுவியுள்ளனர். பள்ளத்தாக்கில் அமைந்த தோட்டங்களில் வானொலி கரகரப்பதற்கும், பெட்டியைச் சன்னலோரம் வைத்தால் தெளிவதற்கும் காரணம் இதுவேயாம்.

செவி தரும் செல்வம்

நாம் தோட்டத்தில் வாழ்ந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று இன்றும் நினைவில் உள்ளது. அது மழைக்காலம். பாட்டு முடிந்து செய்தி தொடங்கியதும் நாம் பெட்டியை மூடிவிட்டோம். பாட்டுக்கே வானொலி என்பது அன்றைய நம் எண்ணம். பள்ளிக்குப் புறப்பட்டு, நனைந்தவாறே வெகுதூரம் நடந்தபின்தான் ஆற்றோரச் சாலை நீரில் மூழ்கியிருக்கக் கண்டோம். அண்டை வீட்டுப் பெரியம்மாவோ செய்தியைக் கேட்டுத் தம் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்தியிருந்தார். "பாட்டு மட்டும் கேட்டா போதுமா, ஐயா? சேதியையும் கேக்கணும்," என்று அவர் ஈரத்தலையைத் துவட்டிவிட்ட அன்பை நாம் மறக்கவில்லை.

வெள்ளத்தினும் மெல்ல வரும் இழப்பு ஒன்றுண்டு. அது மொழியிழப்பு. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போயின. ஒரே லயத்தில் வாழ்ந்தோர் பட்டணங்களில் பிரிந்து வாழ்கின்றனர். அண்டை வீட்டுத் தமிழ் எல்லாருக்கும் கிட்டுவதில்லை. இந்நிலையில் காலைதோறும் நல்ல தமிழைச் செவியில் சேர்ப்பது பெரும்பேறு. லகர, ளகர, ழகர வேறுபாட்டை எழுத்தில் காட்டலாம். ஒலியில் கேட்டால்தான் நாவில் நிற்கும். கேட்போர் இருந்தால்தான் ஒலிபரப்பும் தழைக்கும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, நாள்தோறும் காலைச் செய்தியில் கேட்ட புதுச்சொல் ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வாரத்தில் ஐந்து சொற்கள் சேரும். நாற்பது வாரங்களில் இருநூறு சொற்கள் உங்கள் உடைமையாகும். பெற்றோர்களே, பசியாறும் அந்தச் சில நிமிடங்களில் கைப்பேசியைச் சற்றே ஒதுக்கிவைத்து, பிள்ளைகளோடு அமர்ந்து செய்தியைக் கேளுங்கள். கேட்டதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். வயிறு பசியாறும் வேளையில் செவியும் பசியாறட்டும்!