காற்றில் ஆறும் எஞ்சின்கள் – 17: டீசல் ஏறிய புல்லட்

சிலிண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்ததோடு சென்ற வாரம் நின்றது. வார்ப்பிரும்பு புல்லட், 346 சி.சி., 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும்.

இந்த வாரம் போரிங், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்வது, என்றுதான் பேச்சு. அதற்குள் டீசல் குறுக்கே வந்துவிட்டது. திருவண்ணாமலையின் செங்கம் ரோட்டுப் பக்கம் பழைய புல்லட் வேலை பார்க்கும் பட்டறைகளில் எஞ்சினை இறக்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால், நடு வயதைத் தாண்டிய மெக்கானிக்குகள் எப்படியும் டீசல் புல்லட்டில் வந்து நிற்பார்கள். அந்த வண்டியைக் கடந்து போக மனசு வரவில்லை.

என்ஃபீல்டின் திருவொற்றியூர் தொழிற்சாலை 1990-களில் 'டாரஸ்' என்ற பெயரில் டீசல் புல்லட்டை விற்றது. எஞ்சின் என்ஃபீல்டு செய்ததல்ல; இத்தாலியின் லொம்பார்தினி வடிவமைத்து, இங்கே கிரீவ்ஸ் நிறுவனம் தயாரித்த 325 சி.சி. ஒற்றை சிலிண்டர். அதுவும் காற்றில் ஆறுகிற எஞ்சின்தான். இதன் சக்தி 6.5 குதிரை. பெட்ரோல் புல்லட்டுக்கோ 18. வேகம் 65 கிலோமீட்டரைத் தாண்டுவதே பெரும்பாடு. ஆனால் லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். லிட்டர் டீசலின் விலை பெட்ரோலில் பாதியை ஒட்டியும் அதற்குக் கீழும் இருந்த காலம் அது. மணிலாவும் நெல்லும் விளைகிற மாவட்டத்தில், பம்புசெட்டுக்கு வாங்கிய டீசல் கேன் வீட்டுத் திண்ணையிலேயே இருந்த விவசாயிக்குக் கணக்கு உடனே புரிந்தது. பாலோ மூட்டையோ ஏற்றி மெதுவாகப் போகிறவருக்கு 65 கிலோமீட்டரே அதிகம்.

உலகில் பெரிய அளவில் தயாரித்து விற்பனைக்கு வந்த டீசல் மோட்டார் சைக்கிள்களைத் தேடினால் விரல் விட்டு எண்ணும் அளவுகூடத் தேறாது. அதில் ஒன்று நம் திருவொற்றியூரில் பிறந்தது. இதைத் தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் யாரும் போதுமான அழுத்தத்தோடு எழுதவில்லை என்பது இத்தொடரின் ஆதங்கம்.

தொழிற்சாலையில் பிறந்த டாரஸ் ஒரு வகை. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றிய புல்லட் இன்னொரு வகை. ஆட்டோவிலோ பம்புசெட்டிலோ ஓடிய எஞ்சினைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள். எப்படி முடிந்தது? விடை எஞ்சினில் இல்லை, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது.

பழைய புல்லட்டில் எஞ்சின் தனிப் பெட்டி, கியர் பாக்ஸ் தனிப் பெட்டி. இங்கிலாந்தின் ரெட்டிச் தொழிற்சாலையில் போட்ட வடிவம் அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. எஞ்சினின் இடப்பக்கத்திலிருந்து ஒரு பிரைமரி செயின் கிளட்சுக்குப் போகிறது. கிளட்ச் நான்கு கியர் கொண்ட ஆல்பியன் வகைப் பெட்டியைச் சுழற்றுகிறது. செயினைக் கழற்றிவிட்டால் முன்னால் இருக்கும் எஞ்சினுக்கும் பின்னால் இருக்கும் கியருக்கும் சம்பந்தமே இல்லை. எண்ணெய்கூடத் தனித்தனி.

ஆகவே மெக்கானிக்குக்கு வேலை இரண்டே. ஒன்று, பிளேட். புல்லட்டின் சட்டத்தில் எஞ்சினுக்கு அடியில் தொட்டில் கிடையாது. முன் குழாய் கீழே இறங்கி நின்றுவிடும். அங்கிருந்து பின்பக்கம் வரை எஞ்சினும் அதைப் பிடிக்கும் இரும்புத் தகடுகளும்தான் சட்டத்தின் மிச்சம். புது எஞ்சினின் துளைகளுக்குத் தக்கபடி தகடு வெட்டவேண்டும். அந்தத் தகடு எஞ்சினைத் தாங்கினால் மட்டும் போதாது, வண்டியையே தாங்கவேண்டும். இரண்டு, செயின். எஞ்சின் பல்சக்கரமும் கிளட்ச் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். ஒரு நூல் விலகினாலும் செயின் பக்கவாட்டில் தேய்ந்து, கத்த ஆரம்பித்து, சில மாதத்தில் அறுந்துவிடும். டீசலின் சுழற்சி பெட்ரோலைவிடக் குறைவு என்பதால் பல் எண்ணிக்கையையும் மாற்றவேண்டும். லேத் பட்டறைக்காரரும் மெக்கானிக்கும் உட்கார்ந்து பேசி, அட்டையில் வரைந்து வெட்டிப் பார்த்து, பிறகே இரும்பில் கை வைப்பார்கள்.

அதிர்வைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் டீசல் புல்லட்டைப் பற்றிச் சொன்னதாகாது. பெட்ரோல் புல்லட்டின் அழுத்த விகிதம் ஆறரைக்கு ஒன்று என்ற அளவில் மென்மையானது. டீசலில் பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றவேண்டும் என்பதால் விகிதம் அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். ஒவ்வொரு எரிப்பும் ஓர் அடி. நட்டு தளரும், விளக்குப் பல்பு போகும், மட்கார்டு விரிசல் விடும், பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரியும். ஆனால் கார்புரேட்டர் இல்லை, பிளக் இல்லை, பாயிண்ட் இல்லை. மழையில் பாயிண்ட் நனைந்து நடுரோட்டில் நின்று பழகிய புல்லட்காரருக்கு இது சின்ன விஷயமல்ல.

மாசு விதிகள் இறுகியதும் டாரஸ் நின்றுபோனது. ஆசை நிற்கவில்லை. ஜெர்மனியில் யோகன் சோமர் என்பவர் புல்லட் பாகங்களை வைத்து, ஹாட்ஸ் நிறுவனத்தின் 462 சி.சி. டீசல் எஞ்சினை ஏற்றி வண்டிகள் செய்து விற்றார். பெட்ரோலிலும் கை வைத்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் பால் கார்பெரி இரண்டு புல்லட் சிலிண்டர்களை வி வடிவில் நிறுத்தி 1000 சி.சி. எஞ்சின் செய்தார், பிறகு அந்த வேலை சத்தீஸ்கரின் பிலாய்க்கு வந்தது. அமெரிக்காவில் வசிக்கும் அனிகேத் வர்தன் அதே யோசனையில் 'மஸ்கெட்' என்ற எஞ்சினைக் கிட்டத்தட்டத் தனி ஆளாக வார்த்தெடுத்தார். கிராங்க் கேஸ் புதிது. மேலே நிற்கும் சிலிண்டரும் ஹெட்டும் எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் புல்லட் சாமான்.

இதே கதை கார் உலகிலும் நடந்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின்பக்க எஞ்சினை கியர் பெட்டியோடு பிணைப்பது நான்கே நான்கு போல்ட். அவற்றை விட்டால் எஞ்சின் கையோடு வந்துவிடும். 1948-இல் ஆஸ்திரியாவின் க்முண்டில் உருவான முதல் போர்ஷே 356-இல் இருந்ததே, மாற்றியமைத்த 1131 சி.சி. ஃபோக்ஸ்வாகன் எஞ்சின். 1965-இல் வந்த போர்ஷே 912, 911-இன் உடம்பில் 356-இன் நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்த கார். தொழிற்சாலையே எஞ்சின் மாற்றி விற்றது என்று சொன்னால் தப்பில்லை. காற்றில் ஆறும் 911 1998-இல் முடிந்தது. பீட்டில் 2003 ஜூலையில், மெக்சிகோவின் புவெப்லாவில், 2,15,29,464-ஆவது வண்டியோடு முடிந்தது. வார்ப்பிரும்பு புல்லட் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் திருவொற்றியூரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

காருக்கும் புல்லட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. திருவண்ணாமலைக்காரர்களுக்கு அது முக்கியம். பீட்டிலிலும் பழைய போர்ஷேயிலும் எஞ்சினோடு பெல்ட் போட்ட விசிறி சுழல்கிறது. கார் நின்றாலும் காற்று உண்டு. புல்லட்டுக்கு விசிறி கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு மடிப்புகள்மீது காற்று படவேண்டுமானால் வண்டி ஓடியே ஆகவேண்டும். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் நடப்பவர்களுக்கு விடப்படும். ஊருக்குள் வரும் சாலைகளில் வண்டிகள் ஆள் நடக்கிற வேகத்தில் ஊரும். முதல் கியரில், பாதிக் கிளட்சில், அரை மணி நேரம்.

அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிவது, அதைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு சிலிண்டர் விரிவதைப்போல் இரண்டு மடங்கு. ஓடித் தேய்ந்த எஞ்சினில் அதற்கு இடம் இருக்கும். புதிதாக போரிங் போட்டு, 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய பிஸ்டன் ஏற்றிய எஞ்சினில் இடம் மட்டுமட்டு. அங்கேயே பிடித்துக்கொள்ளும். "அண்ணே, பௌர்ணமி முடியட்டும், அப்புறம் வண்டியை எடுத்துக்குங்க" என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அது சாக்கு அல்ல. அந்த எஞ்சின்மேல் அவருக்குள்ள அக்கறை.

இத்தனையும் நடந்தது, எஞ்சின் வேறு கியர் பாக்ஸ் வேறு என்று இருந்ததால். 2009-ஐ ஒட்டி வந்த யூ.சி.இ. எஞ்சினில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் போய்விட்டன. ஐந்து கியர், தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட், எண்ணெய் ஒழுகாத மூடிகள் என்று எல்லா வகையிலும் நல்ல எஞ்சின். அதை ஓட்டுகிறவர் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பாதியை மட்டும் கழற்றி வேறொன்றை வைக்கும் வழி அதோடு அடைபட்டது. பழைய புல்லட் அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருந்ததற்கு அதன் உறுதியைக் காரணம் காட்டுவார்கள். பிரித்தெடுக்க வசதியாக இருந்ததே பெரிய காரணம் என்பது இத்தொடரின் கட்சி.

போரிங்குக்கு இந்த வாரம் இடம் இல்லாமல் போனது. அடுத்த வாரம் உண்டு; ஆனால் அதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த 'வி.ஏ.' வரிசைப் பதிவும் எஞ்சின் பழைய நிலையிலேயே இருக்கவேண்டும் என்று கேட்கிறது. டி.என். 25 வண்டி வைத்திருப்பவர்கள் அதுவரை, சிலிண்டருக்குக் கீழே கிராங்க் கேஸில் பொறித்த எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்து வைக்கலாம். டைமிங் மூடியை இப்போதே திறந்துவிட்டவர்களுக்கு ஓர் அவசரக் குறிப்பு: ஆயில் பம்பைச் சுழற்றும் வார்ம் நட்டு லெஃப்ட் திரெட். வலப்பக்கம் திருகினால்தான் கழலும்.