மூச்சு உரைக்கும் மருத்துவச் செய்தி

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் இல்லங்களில் ஒருவருக்கு வயிற்றெரிச்சல் கண்டால், "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பழியைத் தண்ணீர்மேல் போட்டுவிடுவது வழக்கம். சோடாவும் சீரக நீருமாக மாதங்கள் கழியும். வைத்தியரிடம் சென்றால் வாய்வழியே குழாய் விட்டுப் பார்ப்பாரே என்னும் அச்சம் வேறு. அவ்வச்சத்தைப் பெரிதும் தணிக்கவல்ல சோதனை ஒன்று உண்டு. அதற்கு வேண்டுவது நம் மூச்சுக்காற்றே.

மூச்சின் வாடையால் நோயை உய்த்துணர்வது பழைய முறையே. நீரிழிவு கட்டுமீறிய நிலையில் சிலர் மூச்சில் பழவாடை வீசும். அசிடோன் என்னும் பொருளே அதற்குக் காரணம். 1971-ஆம் ஆண்டில் லினஸ் பாலிங் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் வெளிமூச்சில் ஏறத்தாழ 250 பொருள்கள் இருப்பதாக அறிவித்தனர்.

இனி இரைப்பைப் புண்ணுக்கு வருவோம். காரமும் கவலையுமே அதற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியைச் சுட்டிக்காட்டினர். பலர் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே பருகினார். சில நாட்களில் அவர் இரைப்பை அழற்சியுற்றது. 2005-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிட்டியது.

இக்கிருமி யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கும். அமிலத்தினிடையே அதனைக் காப்பதும் அத்திறனே. நமக்குக் காட்டிக்கொடுப்பதும் அதுவே. வெறும் வயிற்றில் நோயாளி ஒரு பையில் ஊதுவார். பின்னர், கார்பன்-13 என்னும் கதிரியக்கமற்ற கரியணு அடங்கிய யூரியாவைப் பருகுவார். ஏறத்தாழ அரைமணி கழித்து மீண்டும் ஊதுவார். கிருமி இருப்பின், இரண்டாம் மூச்சின் கரியமில வாயுவில் அவ்வணு மிகுந்திருக்கும்.

அன்பர்கள் ஒன்றை மறத்தலாகாது. அமிலம் குறைக்கும் மாத்திரைகளை இரண்டு வாரமும், கிருமிக்கொல்லி மருந்துகளை நான்கு வாரமும் முன்னரே நிறுத்தாவிடில், உள்ள கிருமியும் இல்லையெனத் தோன்றலாம். உண்ட மருந்துகளை ஒளியாது வைத்தியரிடம் கூறி, அவர் சொற்படி நடத்தல் வேண்டும். கருநிற மலம், இரத்த வாந்தி, காரணமின்றி உடல் இளைத்தல் ஆகியவை தோன்றினால் மூச்சுச் சோதனை மட்டும் போதாது; குழாய்ச் சோதனையே தக்கது.

கண்டறிந்தால் இக்கிருமியை இருவார மருந்தினால் பெரும்பாலும் ஒழிக்கலாம். விட்டுவைத்தால் புண் மீண்டும் வரும். இரைப்பைப் புற்றுக்கும் அது வழிகோலக்கூடும். ஆகவே, ஊர்த் தண்ணீரைப் பழிக்குமுன் ஒருமுறை ஊதிப் பார்ப்போமாக!